ஃப்ளெரி: ஒருவரும் வசிக்காத பிரெஞ்சு ஊராட்சி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளெரி எங்கே இருக்கிறது?

பிரான்சின் வடகிழக்கில், மியூஸ் மாவட்டத்தில். வெர்டன் நகரத்திலிருந்து காரில் கிளம்பினால் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். முழுப்பெயர் ஃப்ளெரி-தெவான்-துவோமோன். பிரான்சில் ஃப்ளெரி என்ற பெயரில் பல ஊர்கள் உண்டு. குழப்பம் வராமல் இருக்க, பக்கத்து ஊரான துவோமோனின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். இங்கே சுருக்கமாக ஃப்ளெரி என்றே எழுதுகிறேன்.

அங்கே மக்கள்தொகை உண்மையிலேயே பூஜ்யமா?

ஆமாம். முதல் உலகப்போருக்கு முன் எடுத்த கணக்கில் 422 பேர். போருக்குப் பிறகு 0. நூறு வருடங்களுக்கு மேலாகியும் அந்த எண் மாறவில்லை. பிரான்சின் புள்ளிவிவர நிறுவனம் நாட்டிலுள்ள எல்லா ஊராட்சிகளின் மக்கள்தொகையையும் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் ஃப்ளெரிக்கும் ஒரு வரி இருக்கிறது, ஊராட்சிக்கென்று தனிக் குறியீட்டு எண்ணும் இருக்கிறது. மக்கள்தொகைக் கட்டத்தில் மட்டும் பூஜ்யம்.

ஆட்கள் மெல்ல மெல்ல வெளியேறிக் காலியான கிராமங்கள் பிரான்சில் நிறைய உண்டு. ட்ரோம் மாவட்டத்தில் உள்ள ரோஷ்ஃபூர்ஷா என்ற ஊராட்சியின் மக்கள்தொகை பல கணக்கெடுப்புகளில் ஒன்றே ஒன்று. ஃப்ளெரியின் கதை அப்படிப்பட்டதல்ல. இந்த ஊரைப் போர் மண்ணோடு மண்ணாக்கியது. அரசு யோசித்து முடிவெடுத்து, வீடுகளை விட்டுவிட்டு ஊரின் சட்ட உரிமையை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறது.

யாருமே இல்லாத இடம் எப்படி ஊராட்சி ஆகும்?

பிரான்சில் உள்ளாட்சியின் அடிப்படை அலகு கொம்யூன். புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாகூர், வில்லியனூர், திருநள்ளாறு எல்லாம் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள்தான். பிரெஞ்சு ஆட்சி 1880ல் அங்கே ஏற்படுத்திய நகராட்சி அமைப்பின் தொடர்ச்சி அது.

பிரெஞ்சுப் புரட்சி நடந்த 1789லேயே கொம்யூன்களை உருவாக்கும் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன் தேவாலயப் பங்குகளாக, அதாவது ஒரே தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதிகளாக, இருந்த ஊர்களே பெரும்பாலும் கொம்யூன்களாக மாறின. பாரிஸும் ஒரு கொம்யூன், முப்பது வீடுள்ள மலைக்கிராமமும் ஒரு கொம்யூன். இன்றைக்கு அப்படி ஏறத்தாழ 35,000 இருக்கின்றன. கொம்யூனுக்கு எல்லை உண்டு, மேயர் உண்டு, பிறப்பு இறப்புப் பதிவேடு உண்டு. இத்தனை பேர் இருந்தால்தான் கொம்யூன் என்று குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் கிடையாது. அதனால் பூஜ்யத்துக்கும் இடம் இருக்கிறது.

போருக்கு முன் ஊர் எப்படி இருந்தது?

சாதாரண விவசாய கிராமம். கோதுமை வயல், மேய்ச்சல் நிலம், சுற்றிலும் காடு. விவசாயிகள், மரவேலைக்காரர்கள், கொல்லர், ரொட்டி சுடுபவர், மளிகைக்கடை, காபிக்கடை. நடுவில் தேவாலயம். அந்தக் காலத்துப் பிரெஞ்சு கிராமங்களில் வழக்கமாக இருந்தபடி மேயர் அலுவலகமும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே இருந்தன. மாவட்டத்துக்குள் ஓடிய குறுகிய ரயில் பாதையில் ஃப்ளெரிக்கும் ஒரு ஸ்டேஷன் இருந்தது.

இந்த வட்டாரமே எல்லைப் பகுதி. வெர்டன் 1552ல்தான் பிரெஞ்சு மன்னர் கைக்கு வந்தது. 1648ல் வெஸ்ட்ஃபேலியா உடன்படிக்கை அதை உறுதி செய்தது. 1870–71 போரில் பிரான்ஸ் தோற்று, அல்சாசையும் லொரேனில் ஒரு பகுதியையும் ஜெர்மனி எடுத்துக்கொண்டதும் எல்லை வெர்டனை நெருங்கிவிட்டது. வெர்டனையும் ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்தது. 1873ல்தான் அங்கிருந்து வெளியேறியது. அதற்கப்புறம் பிரெஞ்சு ராணுவம் நகரைச் சுற்றிக் குன்றுகளின் மேல் கோட்டைகளைக் கட்டியது. துவோமோன், வோ, சூவில், ஃப்ருவாத்தேர் எல்லாமே ஃப்ளெரியைச் சுற்றி நடக்கிற தூரத்தில் இருப்பவை. நகரத்தைக் காக்கக் கட்டிய கோட்டைகளுக்கு நடுவே ஊர் மாட்டிக்கொண்டது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம்.

ஊரைவிட்டு மக்கள் எப்போது போனார்கள்?

1916 பிப்ரவரி 21. அன்று காலை ஏழு மணி வாக்கில் ஜெர்மன் பீரங்கிகள் சுடத் தொடங்கின. முதல் நாளில் மட்டும் பத்து லட்சம் குண்டுகள் விழுந்ததாகச் சொல்வார்கள். வெர்டன் போர் அப்படித்தான் ஆரம்பித்தது. கடுங்குளிர். அதுவரை போர்முனைக்குப் பின்னால், பிரெஞ்சு ராணுவத்தினரோடு சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்த ஃப்ளெரி மக்களை அன்றே காலி செய்யச் சொன்னார்கள்.

இந்த நாளைப் பற்றிப் பேசும்போது ஜெர்மன் தளபதி ஃபால்கன்ஹைன், பிரெஞ்சுத் தளபதி பெத்தான் பெயர்கள்தான் எல்லா இடத்திலும் வரும். வீட்டைப் பூட்டிவிட்டு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, ஆடுமாடுகளை என்ன செய்வது என்று தெரியாமல் நடந்த குடும்பங்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. நான்கு நாளில் துவோமோன் கோட்டை விழுந்தது. அங்கே காவலுக்கு இருந்தவர்கள் சொற்பம், சண்டையே இல்லாமல் போய்விட்டது. திரும்பி வரலாம் என்று நினைத்துப் போனவர்களுக்கு அந்த நினைப்பு எவ்வளவு நாள் தாங்கியிருக்கும்?

இவ்வளவு சின்ன ஊருக்கு ஏன் அவ்வளவு சண்டை?

இடம் அப்படி. ஃப்ளெரி ஒரு நீண்ட மேட்டின் மேல், ஒரு பக்கம் சூவில் கோட்டை, மறுபக்கம் ஃப்ருவாத்தேர் என்று இரண்டுக்கும் இடையில் இருந்தது. அந்த மேட்டைத் தாண்டினால் வெர்டன் நகரம் கண்ணுக்கு எதிரே. ஜூன் 7ல் வோ கோட்டை விழுந்த பிறகு, ஜெர்மன் படைக்கு நகரத்தைப் பிடிக்க மிச்சம் இருந்த தடை இந்த மேடுதான்.

ஜூன் 23ல் பெரிய தாக்குதல். முந்தைய இரவு முழுக்க பிரெஞ்சு பீரங்கி வரிசை மீது பாஸ்ஜீன் நச்சுவாயு அடைத்த புதுவகைக் குண்டுகளை வீசிவிட்டுக் காலையில் முன்னேறினார்கள். ஜெர்மன் ராணுவத்தின் பவேரியப் படைகள் ஃப்ளெரிக்குள் நுழைந்தன. அன்றிலிருந்து ஆகஸ்ட் 18 வரை ஊர் கைமாறிக்கொண்டே இருந்தது. மொத்தம் 16 முறை என்று கணக்குச் சொல்கிறார்கள். கைப்பற்றுவதற்கு அங்கே சுவர் எதுவும் மிச்சமில்லை. செங்கல் பொடி கலந்த சேற்றின் நிறத்தை வைத்துத்தான் இங்கே ஊர் இருந்தது என்று சிப்பாய்கள் அடையாளம் கண்டார்கள் என்பார்கள்.

ஜூலை 1ல் சோம் நதிக்கரையில் பிரிட்டிஷ்–பிரெஞ்சுத் தாக்குதல் தொடங்கியது. அங்கே படையும் பீரங்கியும் தேவைப்பட்டதால் வெர்டனில் ஜெர்மானியரின் வேகம் குறைந்தது. ஜூலை 12 வாக்கில் அவர்கள் சூவில் கோட்டை வரை வந்து நின்றார்கள். அவர்கள் எட்டிய கடைசிப் புள்ளிக்கு அருகில் இன்று காயம்பட்ட சிங்கத்தின் சிலை ஒன்று கிடக்கிறது. ஆகஸ்ட் 18ல் பிரெஞ்சு ராணுவத்தின் மொராக்கோ காலனிக் காலாட்படை ரெஜிமென்ட் ஃப்ளெரியை மீட்டது. அதற்குப் பிறகு அது பிரான்சின் கையைவிட்டுப் போகவில்லை.

வெர்டன் போர் டிசம்பர் வரை நீடித்தது. இரண்டு பக்கமும் சேர்த்து இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் மட்டும் சுமார் 3 லட்சம் பேர்.

போர் முடிந்ததும் ஊரைத் திரும்பக் கட்டியிருக்கலாமே?

கட்டத்தான் நினைத்தார்கள். போரில் அழிந்த எத்தனையோ ஊர்களை மீண்டும் கட்டியும் இருக்கிறார்கள். ஆனால் போரால் சேதமடைந்த நிலத்தை அரசு தரம் பிரித்தபோது, சீர்படுத்தும் செலவு நிலத்தின் மதிப்பைவிட அதிகம் என்று கருதப்பட்ட பகுதிகளை வரைபடத்தில் சிவப்பால் குறித்தார்கள். அதுதான் சிவப்பு மண்டலம். ஃப்ளெரி அதற்குள் இருந்தது.

இங்கே மண்ணை உழ முடியாது. வெடிக்காத குண்டுகள், கையெறி குண்டுகள், நச்சுவாயுக் குண்டுகள், இரும்புக் கம்பி, இவற்றோடு ஆயிரக்கணக்கான உடல்கள். கிணற்றுத் தண்ணீரையும் நம்ப முடியாத நிலை. நிலத்தை அரசே வாங்கிக்கொண்டது. போர்ச்சேத இழப்பீட்டுக்கான சட்டம் 1919 ஏப்ரலில் வந்தது. அதன் கீழ் கிடைத்த பணத்தைக் கொண்டு மக்கள் வேறு இடங்களில் வாழ்க்கையைத் தொடங்க வேண்டியிருந்தது.

422 பேரும் என்ன ஆனார்கள்?

சிதறிப்போனார்கள். சிலர் வெர்டனிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும், மற்றவர்கள் வேறு மாவட்டங்களிலும் குடியேறினார்கள். ஊருக்கு ஊர் இதே கதைதான். மியூஸ் மாவட்டத்தின் மக்கள்தொகை 1911ல் சுமார் 2,78,000. 1921ல் சுமார் 2,07,000. பத்தே வருடத்தில் நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த இழப்பிலிருந்து மாவட்டம் மீளவே இல்லை. இன்றைய எண்ணிக்கை அதைவிடவும் குறைவு.

வருடத்தில் ஒரு நாள் ஃப்ளெரியில் நினைவு வழிபாடு நடக்கிறது. அழிந்த மற்ற ஊர்களிலும் அப்படியே. பழைய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரர்கள் வருகிறார்கள். தங்களுடைய ஊர் எது என்று கேட்டால், தாத்தாவுக்கே வீடு மிச்சமில்லாத ஓர் இடத்தைச் சொல்பவர்கள் அவர்கள்.

வாக்காளர்களே இல்லாத ஊருக்கு மேயர் எப்படி?

போர் முடிந்த அடுத்த ஆண்டு, 1919 அக்டோபர் 18ல், ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி இந்த ஊர்களுக்குத் தேர்தல் கிடையாது. மாவட்டத்தில் அரசின் பிரதிநிதியான ப்ரெஃபே, மூன்று பேர் கொண்ட ஊராட்சிக் குழுவை நியமிக்கிறார். அதன் தலைவருக்கு மேயரின் அதிகாரம். மூவர்ணப் பட்டையைத் தோளில் அணிகிறார், ஊரின் பெயரால் கையெழுத்திடுகிறார், நினைவு நாளைக் கொண்டாட ஏற்பாடு செய்கிறார், நடைபாதையும் தேவாலயமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிறார். பெரும்பாலும் அந்த ஊரோடு குடும்பத் தொடர்பு உள்ளவர்கள்தான் இந்தப் பொறுப்புக்கு வருகிறார்கள்.

இது வெறும் சடங்குதானே? பக்கத்து ஊரோடு இணைத்துவிடலாமே?

நிர்வாகக் கணக்குப் பார்த்தால் இணைப்பது எளிது. சின்னக் கொம்யூன்களை இணைப்பது பிரான்சில் இப்போது நடந்துகொண்டும் இருக்கிறது. ஃப்ளெரியின் அண்டை ஊரான துவோமோனையே 2019 ஜனவரி 1ல் வோ-தெவான்-தம்லூவோடு சேர்த்து துவோமோன்-வோ என்று ஆக்கிவிட்டார்கள்.

ஆனால் ஃப்ளெரியை இணைக்கக்கூடாது என்பதுதான் என் கருத்து. நினைவுச்சின்னம் கட்டுவது எந்த அரசுக்கும் கைவந்த காரியம். கல்லை நட்டு, பெயரை வெட்டி, ரிப்பனை வெட்டினால் முடிந்தது. செத்துப்போன ஊரை அரசாங்கப் பதிவேட்டில் உயிரோடு வைத்திருப்பது வேறு விஷயம். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குழுவை நியமிக்க வேண்டும். யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் அந்தப் பூஜ்யத்தை யாரோ தட்டச்சு செய்ய வேண்டும். இணைத்துவிட்டால் 422 பேர் இருந்த ஊர் ஒரு தகவல் பலகையாகச் சுருங்கிவிடும்.

இதே கதி அடைந்த வேறு ஊர்கள் எவை?

வெர்டனைச் சுற்றி அழிந்தவை ஒன்பது. அவற்றில் ஆறு இன்றும் பூஜ்யம்: ஃப்ளெரி, போமோன், பெசோன்வோ, கூமியேர், ஓமோன், லூவ்மோன். போருக்கு முன் போமோனில் 186 பேர், பெசோன்வோவில் 149, கூமியேரில் 205, ஓமோனில் 131, லூவ்மோனில் 183. ஆறில் பெரியது ஃப்ளெரிதான். மீதி மூன்றில் வோ கொஞ்சம் தள்ளிப் புதிதாகக் கட்டப்பட்டது. துவோமோனிலும் ஓர்னிலும் விரல்விட்டு எண்ணும்படி சிலர் இருக்கிறார்கள். ஒன்பது ஊர்களுமே, போரில் உயிர்விட்ட சிப்பாய்களைக் குறிப்பிடுவது போலவே, 'பிரான்சுக்காக உயிர்நீத்தவை' என்று அறிவிக்கப்பட்டவை.

இப்போது போனால் என்ன தெரியும்?

முதலில் மரங்கள். போருக்குப் பின் இங்கே ஒரு மரமும் மிஞ்சவில்லை. 1920களிலும் 30களிலும் லட்சக்கணக்கில் கன்று நட்டு, சுமார் 10,000 ஹெக்டேரில் அரசுக் காட்டை உண்டாக்கினார்கள். கெட்டுப்போன மண்ணிலும் பிழைக்கும் என்பதால் ஆஸ்திரியக் கரும்பைன் மரத்தை அதிகம் நட்டார்கள். அந்தக் காட்டுக்குள்தான் ஊர்.

உள்ளே நடந்தால் தரை சமமாகவே இருக்காது. இரண்டு அடிக்கு ஒரு பள்ளம், பக்கத்தில் ஒரு மேடு, மறுபடி பள்ளம். எல்லாம் குண்டு விழுந்த குழிகள். அவற்றின் மேல் இப்போது புல் முளைத்திருக்கிறது. அந்தப் பள்ளம் மேடுகளுக்கு ஊடே தெருக்கள் இருந்த இடத்தில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். பாதையோரம் சின்னச் சின்னக் கல் கம்பங்கள். ஒன்றில் விவசாயி, இன்னொன்றில் கொல்லர், அப்புறம் மளிகைக்கடை, பள்ளிக்கூடம். வீட்டுச்சுவரோ வாசற்படியோ எதுவும் இல்லை, தொழில் பெயர் மட்டும்தான். தேவாலயம் இருந்த பக்கம் பின்னாளில் ஒரு சிற்றாலயம் கட்டியிருக்கிறார்கள். அதன் முகப்பில் ஐரோப்பாவின் அன்னை மரியாள் சிற்பம்.

பழைய ரயில் ஸ்டேஷன் இருந்த இடத்தில் வெர்டன் நினைவு அருங்காட்சியகம் நிற்கிறது. அந்தப் போரில் பங்கெடுத்த வீரர்களின் முயற்சியில், எழுத்தாளர் மொரீஸ் ஜெனெவுவா முன்னின்று, 1967ல் திறந்தார்கள். 2016ல் புதுப்பித்தார்கள். துவோமோன் எலும்பு மண்டபமும் பக்கத்திலேயே. அடையாளம் தெரியாத ஏறத்தாழ 1,30,000 பிரெஞ்சு, ஜெர்மன் வீரர்களின் எலும்புகள் அங்கே கலந்தே கிடக்கின்றன. கட்டடத்தின் பின்பக்கத்துச் சின்ன ஜன்னல்கள் வழியே பார்க்கலாம். 1984 செப்டம்பர் 22ல் பிரெஞ்சு அதிபர் மித்தரானும் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் ஹெல்முட் கோலும் கைகோத்து நின்றது இந்த மண்டபத்துக்கு முன்னால்தான். 2023ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த முதல் உலகப்போர் நினைவிடங்களில் இதுவும் ஒன்று.

சுற்றுலாப் பேருந்துகள் மண்டபத்துக்கும் கோட்டைக்கும் போய்விட்டு ஃப்ளெரியைத் தாண்டி ஓடிவிடுகின்றன. உங்களிடம் ஒரே ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அதை ஃப்ளெரிக்குக் கொடுங்கள் என்பேன்.

இன்னும் உடல்கள் கிடைக்கின்றனவா?

கிடைக்கின்றன. வெர்டன் பகுதியில் காணாமல் போனவர்களில் பெரும்பகுதியினர் இன்னும் மண்ணுக்குள்தான். 2013ல் ஃப்ளெரியிலேயே, இடிந்த ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் 26 பிரெஞ்சு வீரர்களின் எச்சங்கள் கிடைத்தன. மணிக்கட்டில் கட்டிய உலோக அடையாளத் தகடுகளை வைத்துச் சிலருடைய பெயர்களைக் கண்டுபிடிக்க முடிந்தது.

இந்தியாவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

ஃப்ளெரியோடு நேரடியாக இல்லை. பிரான்சில் போரிட்ட பிரிட்டிஷ் இந்தியக் காலாட்படை 1915 கடைசியிலேயே மத்திய கிழக்குக்கு அனுப்பப்பட்டுவிட்டது. வெர்டன் பிரெஞ்சுப் படைகளின் போர்முனை. பிரெஞ்சு இந்தியாவிலிருந்தும் வீரர்கள் அந்த உலகப்போருக்குப் போனார்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலையிலிருந்து கொஞ்சம் நடந்தால் வரும் பிரெஞ்சுப் போர் நினைவிடம் அவர்களுக்காக எழுப்பப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் வெர்டனில் நிறையப் பேர். இஸ்லாமிய வீரர்களுக்கான நினைவிடத்தை எலும்பு மண்டபத்துக்கு அருகில் 2006ல் அன்றைய பிரெஞ்சு அதிபர் ஜாக் சிராக் திறந்து வைத்தார். தொண்ணூறு வருடம் தாமதம்.

காடு இப்போது பாதுகாப்பானதா?

குறியிட்ட பாதையில் நடக்கும் வரை பயப்பட ஒன்றுமில்லை. குண்டுக்குழிகளில் தேங்கும் தண்ணீரில் மஞ்சள் வயிற்றுத் தேரைகள் வாழ்கின்றன, பழைய கோட்டைகளில் வௌவால்கள், வெயில் படும் இடங்களில் காட்டு ஆர்க்கிட்கள். ஆனால் மண்ணுக்குள் குண்டுகள் அப்படியே இருக்கின்றன. வெடிகுண்டு அகற்றும் பிரிவினர் இன்றும் இந்த வட்டாரத்தில் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். வெர்டனுக்கு வடகிழக்கே இன்னொரு காட்டில், 1920களில் சுமார் 2 லட்சம் ரசாயனக் குண்டுகளை எரித்த இடத்தில் மண்ணெல்லாம் ஆர்சனிக். செடி முளைக்கவே திணறுகிறது.

எப்படிப் போவது? எதில் கவனம் வேண்டும்?

பாரிஸின் கிழக்கு ஸ்டேஷனிலிருந்து அதிவேக ரயிலில் மியூஸ் ஸ்டேஷனுக்கு ஒரு மணி நேரம். அங்கிருந்து வெர்டனுக்குப் பேருந்து. வெர்டனிலிருந்து போர்க்களத்துக்குக் காரோ சைக்கிளோ வசதி. ஊரைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை, அருங்காட்சியகத்துக்கு உண்டு. மழைக்குப் பின் பாதை வழுக்கும் என்பதால் நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளைப் பள்ளங்களுக்குள் இறங்கி விளையாட விடாதீர்கள். துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடவோ எடுக்கவோ வேண்டாம். உலோகம் கண்டறியும் கருவியைக் கொண்டு தேடுவது சட்டப்படி குற்றம்.